உடுப்பியில் வங்கி கண்ட ஹாஜி அப்துல்லா சாஹிப்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே.

பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, நம் குடும்பங்களில் பலரும் கேள்விப்பட்டிராத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தோம். தமிழ் முஸ்லிம்கள் என்றதும் கப்பல் வணிகர், நாணய மாற்று வணிகர், உணவுக்கடைக்காரர், புத்தகக் கடைக்காரர் என்று பல முகங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அஞ்சடியில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு வெளிநாட்டு நோட்டுகளை மாற்றிக் கொடுத்த தாத்தாமார்களை நம்மில் பலர் கண்ணாலேயே கண்டிருக்கிறோம். ஆனால் நம் முன்னோர் வாழ்ந்த அதே சென்னை மாகாணத்தில், ஒரு முஸ்லிம் இளைஞர் தம் சிறிய ஊருக்காக ஒரு வங்கியைத் தொடங்கினார் என்பதும், அது 114 ஆண்டுகள் நீடித்தது என்பதும் நமக்கு அதிகம் தெரியாத செய்திகள். அவர்தான் கான் பகதூர் ஹாஜி அப்துல்லா ஹாஜி காசிம் சாஹிப் பகதூர்.

ஊரும் காலமும்

இன்று உடுப்பி கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஹாஜி அப்துல்லா சாஹிப் பிறந்த 1882ஆம் ஆண்டில் அது சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த சிறிய ஊர். 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரியும் வரை நாகூருக்கும் காயல்பட்டினத்துக்கும் கடையநல்லூருக்கும் உடுப்பிக்கும் தலைநகர் சென்னைதான். துளு, கன்னடம், கொங்கணி, பியாரி என்று நான்கு மொழிகள் ஒரே கடைவீதியில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. நடுவில் கிருஷ்ணர் கோயில். அதைச் சுற்றி எட்டு மடங்கள். அந்த மடங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கோயில் பொறுப்பை மாற்றிக்கொள்ளும் பரியாய விழாவுக்கு மக்கள் திரளாக வருவார்கள். சற்றுத் தொலைவில் மல்பே துறைமுகம். நெல், தேங்காய், பாக்கு, மீன் ஆகியவைதாம் அந்தச் சீமையின் செல்வம்.

பெயரைப் பார்த்தாலே தந்தையும் மகனும் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றியவர்கள் என்பது விளங்கும். வணிகத்தால் உயர்ந்த வசதியான குடும்பம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை தம் வணிகத்தைப் பெருக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஊர் மக்களின் சிறு சேமிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் உடுப்பியில் வங்கி என்று ஒன்று கிடையாது. மங்களூரில் மெட்ராஸ் பேங்க்கின் கிளை இருந்தது. ஆனால் காப்பி, ஏற்றுமதி வணிகம் செய்த பெரிய நிறுவனங்கள்தாம் அதன் வாடிக்கையாளர்கள். பாக்குத் தோட்டக்காரரும் மளிகைக்கடைக்காரரும் அதன் படியை மிதிப்பது அரிது. உடுப்பியிலிருந்து மங்களூர் போவதற்கே வழியில் ஆறுகளைத் தோணியில் கடக்க வேண்டும். ஆகவே பணம் மிஞ்சியவர் அதை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தார், அல்லது நகையாக்கினார். பணம் தேவைப்பட்டவர் வட்டிக்குக் கொடுக்கும் தனியார் சிலரின் வாசலில் போய் நின்றார். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்பதெல்லாம் கொடுப்பவர் வாயிலிருந்து வருவதுதான். எழுதப்பட்ட விதி என்று எதுவும் இல்லை. ஒரு மழைக்காலம் பொய்த்தால் நிலப் பத்திரம் கைமாறிவிடும்.

1906ஆம் ஆண்டு

1905ஆம் ஆண்டு வங்காளம் பிரிக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் சென்னை மாகாணத்தையும் எட்டியது. அந்நியத் துணியை வாங்க வேண்டாம் என்று கூட்டங்களில் பேசியவர்கள் பலர். நமக்கென்று நாமே நிறுவனங்களை எழுப்ப வேண்டும் என்று செயலில் இறங்கியவர்கள் சிலர். தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை 1906 அக்டோபரில் பதிவு செய்தார். அதில் முஸ்லிம் வணிகர்களும் பெரும் பங்கு ஏற்றனர் என்பது நம் சமுதாயம் பெருமையோடு நினைவுகூரும் வரலாறு. அதற்கு ஏழு மாதங்கள் முன்னதாகவே உடுப்பியில் ஹாஜி அப்துல்லா சாஹிப் தம் முயற்சியைத் தொடங்கியிருந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் சிலரை அவர் கூட்டினார். 1906 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் வெளியானது. எல்லா வகுப்பு மக்களிடமும் சிக்கனப் பழக்கத்தை வளர்ப்பதும், சாதி மத வேறுபாடின்றி யாவருக்கும் உதவுவதும் வங்கியின் நோக்கம் என்று அதில் சொல்லப்பட்டது. இதுவும் சுதேசித் தொண்டுதான், நாட்டை நேசிப்பவர்கள் முன்வர வேண்டும் என்றும் அது அழைத்தது.

1906 மார்ச் 12ஆம் நாள் கனரா பேங்கிங் கார்ப்பரேஷன் (உடுப்பி) லிமிடெட் என்ற பெயரில் வங்கி திறக்கப்பட்டது. தொடக்க மூலதனம் 5,000 ரூபாய். தலைவராகப் பொறுப்பேற்ற ஹாஜி அப்துல்லா சாஹிபுக்கு அப்போது வயது சுமார் 24. அவருடைய வீட்டிலேயே வங்கி இயங்கத் தொடங்கியது. தம் வீட்டுத் திண்ணையையும் கூடத்தையும் ஊரார் பணத்துக்காகத் திறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

முதல் நாள் மாலை கணக்கை முடித்தபோது வங்கியிடம் சேர்ந்திருந்த தொகை 38 ரூபாய் 13 அணா 2 பை. இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதால் சற்று விளக்குகிறோம். 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். 12 பை சேர்ந்தால் ஓர் அணா. நம் ஊர்ப்பக்கம் தம்பிடி என்றார்களே, அதுதான் பை. ஒரு ரூபாயில் 192இல் ஒரு பங்கு. அந்த இரண்டு பையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 39 ரூபாய் என்று முழுதாக்கிச் சொல்லியிருந்தாலும் ஊர் நம்பியிருக்கும். ஆனால் பேரேட்டில் இரண்டு பையும் எழுதப்பட்டது. அப்படி எழுதப்பட்டதால்தான் இத்தனை காலம் கழித்து நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை என்னும் முதல்

அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஒரு பேரிடி விழுந்தது. அர்பத்நாட் என்ற பெரிய ஆங்கிலேய வங்கி நிறுவனம் திவாலானது. மாகாணம் முழுவதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தன. ஓய்வூதியம் பெற்றவர்கள், விதவைகள், அரசு ஊழியர்கள் என்று யாரும் தப்பவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் மறு ஆண்டு, 1907இல், சென்னையில் இந்தியன் வங்கி பிறந்தது.

உடுப்பி வங்கிக்கு அப்போது வயது ஏழு மாதம். வெள்ளைக்காரர் நடத்திய பெரிய நிறுவனமே மூழ்கிவிட்டது என்னும்போது, ஒரு சாஹிபின் வீட்டில் நடக்கும் சிறிய வங்கியை யார் நம்புவார்கள்? அப்படி அஞ்சுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் உடுப்பி வங்கி நிலைத்து நின்றது. மங்களூரில் அதே 1906 ஜூலையில் அம்மெம்பால் சுப்பாராவ் பாய் தொடங்கிய கனரா ஹிந்து பெர்மனென்ட் ஃபண்டும் நிலைத்து நின்றது. அதுதான் இன்றைய கனரா வங்கி.

இப்படிப்பட்ட சிற்றூர் வங்கிகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடன் கேட்டு வருபவர் யார், அவருடைய தோட்டம் எங்கே இருக்கிறது, சென்ற ஆண்டு விளைச்சல் எப்படி, சொன்ன சொல்லைக் காப்பவரா என்பதெல்லாம் வங்கிக்காரர்களுக்குத் தெரியும். பணம் போட்டவருக்கும் தம் பணம் யார் கையில் இருக்கிறது, அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது தெரியும். இலண்டனில் போட்ட முதலீடு மூழ்கி உடுப்பிக்காரரின் சேமிப்பு போவதற்கு வழி இல்லை. உள்ளூர்ப் பணம் உள்ளூரிலேயே நெல்லாகவும் பாக்காகவும் கடைச் சரக்காகவும் மாறித் திரும்பி வந்தது.

கோயில் நகரில் ஒரு முஸ்லிம் தலைவராக இருந்த வங்கியில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பணம் போட்டார்கள் என்பதை இன்றைய நாளில் நாம் ஒன்றுக்கு இரண்டு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களை ஏற்க மறுத்த மக்காவாசிகளே தங்கள் பொருள்களை அவர்களிடம்தான் அமானிதமாக வைத்திருந்தார்கள். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும் அந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். இந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, பிற சமயத்தவர் தம்மிடம் தரும் பணம் எத்தகைய பாரம் என்பது தெரிந்திருக்கும்.

வட்டி பற்றி ஒரு சொல்

இதைப் படிக்கும் நம் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஹாஜியாரே வட்டி நடமாடும் வங்கியைத் தொடங்கலாமா என்பார்கள். நியாயமான கேள்வி. மறைத்துவிட்டு மேலே போக நாம் விரும்பவில்லை. மார்க்கத் தீர்ப்பு சொல்வது ஆலிம் பெருமக்களின் பணி. நாம் வரலாற்றை மட்டும் சொல்கிறோம். இன்று நாம் அறிந்திருக்கும் இஸ்லாமிய வங்கிமுறை அன்று உருவாகியிருக்கவில்லை. எகிப்தில் நைல் நதிக் கழிமுகத்தில் உள்ள மித் கம்ர் என்ற சிற்றூரில் அஹ்மத் அந்நஜ்ஜார் அவர்கள் விவசாயிகளுக்காக வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் தொடங்கியது 1963இல். அதே 1963இல்தான் மலேசியாவில் ஹஜ்ஜுப் பயணிகளுக்கான சேமிப்பு நிறுவனம், இன்றைய தாபோங் ஹாஜி, செயல்படத் தொடங்கியது. பேங்க் இஸ்லாம் வந்தது 1983இல். ஹாஜி அப்துல்லா சாஹிபுக்கு இந்த வழிகள் எவையும் திறந்திருக்கவில்லை. அவர் கண்முன் இருந்தது, வரைமுறையற்ற வட்டியில் சிக்கி நிலத்தை இழக்கும் மக்கள்தாம். மித் கம்ரும் உடுப்பியைப் போலவே ஒரு சிற்றூர் என்பதையும், அங்கும் தொடக்கம் ஏழைகளின் சில்லறைக் காசுதான் என்பதையும் நாம் கவனிக்கிறோம்.

நிதான வளர்ச்சி

வங்கி அவசரப்படவில்லை. முதல் கிளை திறப்பதற்கு 17 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1923இல் உடுப்பிக்கு வடக்கே குந்தாபுரத்தில் முதல் கிளை வந்தது. 1926இல் மங்களூரில் இரண்டாம் கிளை. 1934இல் மலைமேல் குடகுச் சீமையின் மடிக்கேரிக்குப் போனார்கள். பணம் சேர்ந்தவுடன் கிளை மேல் கிளை திறந்து பெயர் வாங்கும் ஆசை அவர்களுக்கு இல்லை என்பது இந்த ஆண்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது.

இதற்கிடையே ஊரே மாறத் தொடங்கியது. வங்கிப் பழக்கம் ஏற்பட்ட உடுப்பியில் 1925இல் இன்னொரு வங்கியும் பிறந்தது. டாக்டர் டி.எம்.ஏ. பாய், உபேந்திர அனந்த பாய், வாமன் குடுவா ஆகியோர் தொடங்கிய அதுவே பிற்காலத்தில் சிண்டிகேட் வங்கி ஆனது. 1928இல் அவர்கள் பிக்மி என்ற சேமிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வங்கி ஆள் தினமும் வீடு வீடாக, கடை கடையாகப் போய் இரண்டணா முதல் வாங்கி வருவார். வங்கிக்குப் போக நேரமில்லாத நெசவாளரும் கூலிக்காரரும் அப்படித்தான் சேமிக்கக் கற்றார்கள். நம் வீட்டுப் பெண்கள் அக்கம்பக்கத்தாரோடு கூட்டுப் போட்டு மாதந்தோறும் சீட்டு எடுத்தார்களே, அதன் நோக்கமும் இதுதான். சில்லறையாக இருந்தால் செலவாகிவிடும், சேர்த்து வாங்கினால் ஒரு காரியம் ஆகும்.

தென் கன்னட மாவட்டம் ஒன்றிலிருந்தே பின்னாளில் நான்கு பெரிய அரசுடைமை வங்கிகள் வந்தன. கனரா, சிண்டிகேட், விஜயா, கார்ப்பரேஷன் ஆகியவையே அவை. உடுப்பி ஊரில் அந்த வழியை முதலில் வெட்டியவர் ஹாஜி அப்துல்லா சாஹிப்.

வங்கிக்கு வெளியே

1929ஆம் ஆண்டு வரை, 23 ஆண்டுகள், அவர் வங்கியின் தலைவராக இருந்தார். அந்தக் காலம் முழுவதும் ஊரின் பொதுக்காரியங்களிலும் அவர் கை இருந்தது. அரசாங்கம் அவருக்குக் கான் பகதூர் பட்டம் அளித்தது. உடுப்பியில் மருத்துவமனைக்காகத் தம் நிலத்தைக் கொடுத்தார். அங்குள்ள பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நின்றது. பட்டம் அவரோடு போய்விட்டது. ஆனால் அந்த நிலத்தில் பிறந்த குழந்தைகளை யாரால் எண்ண முடியும்? ஸதகத்துல் ஜாரியா என்று நாம் ஜும்ஆ பயான்களில் கேட்பது இதைத்தான்.

கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் குறைந்தபோது சாஹிப் வீட்டிலிருந்து எண்ணெய் போனது என்று உடுப்பிவாசிகள் சொல்லி வருவதுண்டு. இது ஊரார் வாய்வழியாக வரும் செய்தி. ஆனால் ஒருவர் மறைந்த பிறகு, அவர் சமயத்தைச் சேராத மக்கள் அவரைப் பற்றி இப்படி ஒரு செய்தியைப் போற்றி வைத்திருக்கிறார்கள் என்றால், அவர் எப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்திருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1935இல் ஹாஜி அப்துல்லா சாஹிப் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்போது வயது சுமார் 53. இரண்டே ஆண்டுகளில், 1937இல், ரிசர்வ் வங்கியின் அட்டவணை வங்கிகளில் ஒன்றாக உடுப்பி வங்கி சேர்க்கப்பட்டது. அதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

பெயர் போன பிறகு

1939இல் வங்கியின் பெயரிலிருந்து உடுப்பி என்ற சொல் எடுக்கப்பட்டது. ஓர் ஊரின் வங்கி என்ற நிலையைத் தாண்டிவிட்டதன் அடையாளம் அது. 1972இல் கார்ப்பரேஷன் வங்கி என்று பெயர் மாறியது. 1980 ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய அரசு அதை நாட்டுடைமையாக்கியது. நாடெங்கும் கிளை பரப்பிய அந்த வங்கி, தான் பிறந்த வீட்டை மறக்கவில்லை. உடுப்பியில் ஹாஜி அப்துல்லா சாஹிபின் பழைய வீட்டைச் சீராக்கி அங்கே ஒரு நாணய அருங்காட்சியகம் அமைத்தது. பண்டைய காலக் காசுகள் முதல் நம் காலத்து நாணயங்கள் வரை அங்கே வைக்கப்பட்டன. 38 ரூபாய் 13 அணா 2 பை எண்ணப்பட்ட வீட்டில் நாணயங்களுக்கு ஒரு காட்சியகம் அமைந்தது பொருத்தம்தான்.

2020 ஏப்ரல் 1ஆம் நாள் கார்ப்பரேஷன் வங்கி யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. 114 ஆண்டுகள் வாழ்ந்த பெயர் பலகைகளிலிருந்து இறங்கியது. அதே நாளில் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியில் கலந்தது. முந்தைய ஆண்டு விஜயா வங்கி பேங்க் ஆஃப் பரோடாவில் கலந்திருந்தது. அந்த மாவட்டம் தந்த நான்கு பெயர்களில் இன்று நிற்பது ஒன்றே ஒன்று.

இந்தச் செய்தியைப் படித்தபோது நம் மனம் சற்றுக் கனத்தது. 50 ஆண்டுகளைக் கடந்த நம் சங்கத்துக்கும் இது ஒரு செய்தி. நாமும் ஒரு பெயர்ப்பலகையின் கீழ் கூடுகிறோம். நம்மிடமும் ஜனாஸா நிதி இருக்கிறது, பிள்ளைகளின் கல்விக்கான நிதி இருக்கிறது, நோன்புக் கஞ்சிக்காக உறுப்பினர்கள் தரும் பத்து வெள்ளியும் ஐந்து வெள்ளியும் இருக்கின்றன. சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை. சிலரின் புகைப்படம்கூட நம்மிடம் இல்லை. அவர்கள் எழுதிய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. மை மங்கிப்போன அந்தப் பக்கங்களில் ஐந்து காசும் பத்து காசும் வரவு வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது உடுப்பியின் அந்த இரண்டு பைதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே அடுத்து பொறுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். கட்டடம் பெரிதாகலாம், பெயர் மாறலாம், ஒரு நாள் வேறு அமைப்போடு சேரவும் நேரலாம். அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் ஒருவர் நம்பித் தந்த காசை, எவ்வளவு சிறியதானாலும், எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கடன் கேட்டு வரும் உறுப்பினரை நாற்காலி கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். சங்கத்தின் வாசலுக்கு உதவி கேட்டு வருபவர் சீனரா, மலாய்க்காரரா, இந்துவா என்று பார்க்காதீர்கள்.

ஹாஜி அப்துல்லா சாஹிப் அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அன்னாரின் நற்செயல்களை ஏற்று, மேலான சுவனபதியை அருள்வானாக. நம் சங்கத்தைத் தொடங்கி மறைந்த மர்ஹூம்கள் அனைவருக்கும் அதே நற்பேற்றை அளிப்பானாக. ஆமீன்.